புது பேடு போட்டும் பிரேக் சரியாகவில்லையா? அது உட்காரும் இடத்தைப் பாருங்கள்!

பிரேக்கில் சத்தம் வருகிறது என்று கார் பட்டறைக்குப் போகிறது. ‘பேடு தேஞ்சுடுச்சு சார், மாத்திடலாம்’ என்கிறார் மெக்கானிக். புது செட் மாட்டியதும் கொஞ்ச நாள் நிம்மதி. சில மாதங்களில் மறுபடி அதே சத்தம். பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது. அடுத்த முறை பேடோடு டிஸ்க்கையும் மாற்றுகிறார்கள். பில் தொகை ஏறுகிறதே தவிர, பிரேக் பழைய குணத்துக்கே திரும்பிவிடுகிறது.

இப்படித் திரும்பத் திரும்பச் செலவு வைக்கும் வண்டிகளில், பலரும் பார்க்காமல் விடுகிற இடம் ஒன்று உண்டு. அது பேடு உட்கார்ந்து நகரும் இரும்பு விளிம்பு. அந்த விளிம்பில் பள்ளம் விழுந்திருந்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய பேடும் சரியாக வேலை செய்யாது.

பழைய மரப் பீரோவின் இழுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். அது நகரும் கட்டை தேய்ந்து குழி விழுந்துவிட்டால், இழுப்பறை பாதியில் சிக்கிக்கொள்ளும். புது இழுப்பறை செய்து போட்டாலும் அதே இடத்தில்தான் சிக்கும். பிரேக்கிலும் இதே கதைதான். ஆனால், இங்கே சிக்கினால் போவது உயிர்.

பேடு எப்படி நகர்கிறது?

டிஸ்க் பிரேக்கில், சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுற்றுகிறது. அதுதான் டிஸ்க். அதன் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக இரண்டு பேடுகள். இவற்றைக் கிடுக்கி போலக் கவ்வி நிற்பது காலிப்பர்.

பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள் இருக்கும் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் உள்பக்கத்து பேடை டிஸ்க்கின் மேல் அழுத்துகிறது. அந்த எதிர்விசையில் காலிப்பர் முழுவதும் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து, வெளிப்பக்கத்து பேடையும் இழுத்து டிஸ்க்கில் அழுத்துகிறது. பெரும்பாலான கார்களின் முன்சக்கரங்களில் இருப்பது இந்த வகைதான்.

காலை எடுத்ததும் என்ன நடக்கிறது? பிஸ்டனைச் சுற்றி ஒரு ரப்பர் சீல் இருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது அது லேசாக வளையும். அழுத்தம் போனதும் நிமிர்ந்து, பிஸ்டனை இம்மியளவு பின்னுக்கு இழுக்கும். சுற்றுகிற டிஸ்க்கும் பேடை மெதுவாக ஒதுக்கிவிடும். இந்த மொத்த அசைவும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய அசைவு என்பதால்தான், பேடின் காதுகள் உட்காரும் விளிம்பு வழவழப்பாக இருக்க வேண்டியிருக்கிறது.

அந்த விளிம்புக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிரேக் போட்டதும், சுற்றுகிற டிஸ்க் பேடையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. அதைப் போகவிடாமல் தடுத்து நிறுத்துவது இந்த விளிம்புதான். அந்தச் சக்கரத்தில் பிரேக் பிடிக்கும் விசை எல்லாம் கடைசியில் வந்து விழுவது இங்கேதான். முன்னோக்கி ஓடும்போது ஒரு பக்கத்து விளிம்புக்கு மட்டுமே அதிக அடி. பேடின் இரும்பு முதுகு ஒரே இடத்தில் ஆண்டுக்கணக்கில் இடித்து இடித்து, அங்கே பள்ளம் விழுகிறது.

அமெரிக்க ஜீப்களில் என்ன பிரச்னை?

இந்தப் பள்ளத்துக்குப் பேர்போனவை அமெரிக்காவின் பழைய ஜீப் வண்டிகள். 1984 முதல் 2001 வரை அங்கே விற்பனையான செரோக்கி, 1997 முதல் 2006 வரை வந்த ராங்லர் ஆகிய இரண்டையும் பல குடும்பங்கள் அங்கே இன்றும் ஓட்டுகின்றன. நம்மூரில் 1947 முதல் மகேந்திரா பூட்டி விற்ற வில்லிஸ் ஜீப்போடு இவற்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தக் காலத்து ஜீப்பில் இருந்தது டிரம் பிரேக்.

மற்ற கார்களுக்கும் இந்த ஜீப்களுக்கும் என்ன வித்தியாசம்? இன்றைய பெரும்பாலான கார்களில் பேடுகள் ஒரு தனி பிராக்கெட்டில் உட்காரும். அந்த பிராக்கெட்டை, ஸ்டீயரிங் நக்கிள் என்ற பெரிய பாகத்தில் போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது சக்கரத்தைச் சுமந்துகொண்டு திரும்புவது இந்த நக்கிள்தான். பிராக்கெட் தேய்ந்தால் அதை மட்டும் கழற்றி வேறு மாட்டிவிடலாம்.

பழைய செரோக்கி, ராங்லரில் தனி பிராக்கெட் கிடையாது. பேடு உட்காரும் விளிம்பை நக்கிளோடு சேர்த்தே வார்த்துவிட்டார்கள். இரும்பின் மேல் இரும்பு நேராக உரசுகிறது. அமெரிக்காவின் குளிர் மாநிலங்களில் பனியை உருக்கச் சாலையில் உப்பு தூவுவார்கள். அதில் விளிம்பு துருப்பிடித்துத் தேய்மானம் இன்னும் வேகமாகும்.

பள்ளம் விழுந்த விளிம்பில் இரண்டு விதமான வம்பு வரும். பேடு பள்ளத்தின் கரையில் முட்டி நின்றுவிட்டால், பிரேக் மிதிக்கும்போது டிஸ்க்கை முழுதாக அழுத்தாது. அழுத்திய பிறகு உள்ளே மாட்டிக்கொண்டால், காலை எடுத்தாலும் விலகாமல் உரசிக்கொண்டே இருக்கும். ஒன்றில் பிரேக் குறைகிறது. மற்றதில் சக்கரம் கொதிக்கிறது.

கொதித்தால் என்ன ஆகும்?

உரசலின் சூடு பேடிலிருந்து பிஸ்டனுக்கும், பிஸ்டனிலிருந்து பிரேக் ஆயிலுக்கும் இறங்கும். டாட் 3 வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தர விதி. டாட் 4 வகைக்கு அது 230 டிகிரி. ஆனால், பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். அப்படி ஈரம் ஏறிய ஆயிலுக்கு இதே விதி வைத்திருக்கும் அளவு 140 டிகிரி, 155 டிகிரிதான்.

ஆயில் கொதித்தால் உள்ளே ஆவிக்குமிழ் உண்டாகும். திரவம் அழுத்தத்தைக் கடத்தும். ஆவி அமுங்கிப் போகும். பெடல் தரை வரை போகும், வண்டி நிற்காது. மலைப்பாதையில் இறங்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. வண்டியை நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் பிரேக்குகளுடையது என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* ஒரே சக்கரத்தின் இரண்டு பேடுகளில் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் தேய்ந்திருக்கும்.

* ஒரே பேடு ஒரு முனையில் தடித்தும், மறுமுனையில் மெலிந்தும் ஆப்பு போல இருக்கும்.

* பிரேக் போட்டால் வண்டி இடப்பக்கமோ வலப்பக்கமோ இழுக்கும்.

* ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் போய் பிரேக் போட்டால் ‘டொக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். பேடு ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்குத் தாவி இடிக்கும் சத்தம் அது.

* ஓட்டி நிறுத்திய பிறகு ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடிக்கும், கருகல் வாடை வரும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருக்கும். சந்தேகப்பட்டு டிஸ்க்கைக் கையால் தொட்டுப் பார்த்துவிடாதீர்கள், தோல் உரிந்துவிடும்.

இந்த அறிகுறிகள் எல்லாமே விளிம்பைத்தான் காட்டும் என்று சொல்ல முடியாது. காலிப்பர் பின் இறுகினாலும், பிஸ்டன் துருப்பிடித்தாலும், பிரேக் ஹோஸ் உள்ளுக்குள் அடைத்துக்கொண்டாலும் இதேபோல இருக்கும். அதனால் மெக்கானிக் நான்கையும் பார்க்க வேண்டும். விளிம்பைச் சோதிப்பது சுலபம். கம்பி பிரஷ்ஷால் துருவையும் அழுக்கையும் துடைத்துவிட்டு, விளிம்பின் நீளவாக்கில் விரல் நகத்தை ஓட்டினாலே போதும். நகம் எங்காவது மாட்டி நின்றால், பேடும் அங்கேதான் மாட்டுகிறது.

சின்னப் பள்ளம் என்றால்…

மேலோட்டமான கீறலும் துருவும் மட்டும் இருந்தால் தட்டை அரத்தால் லேசாகத் தேய்த்துச் சமமாக்கலாம். ‘பள்ளம் மறையும் வரை தேய்’ என்று கிரைண்டரை எடுத்துவிடக் கூடாது. விளிம்பு கரையக் கரைய, பேடுக்கும் அதற்கும் இடையே இடைவெளி கூடும். பேடு ஆடும், சாயும், சத்தம் போடும். பள்ளத்தை ஒழிக்கப்போய் விளிம்பையே தொலைத்த கதையாகிவிடும்.

ஆழமான பள்ளம் என்றால்…

அமெரிக்க ஜீப்காரர்கள் பலர் செய்வது, பள்ளத்தை வெல்டிங்கில் நிரப்பி மறுபடி மட்டமாக்குவது. வேலையின் வரிசை இதுதான்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஜாக்கியால் தூக்கி, உறுதியான ஸ்டாண்டில் இறக்க வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் கை வைக்கக் கூடாது. சக்கரம், காலிப்பர், பேடு, டிஸ்க் நான்கையும் கழற்றிய பிறகு, காலிப்பரை ஒரு கம்பியால் கட்டித் தொங்கவிட வேண்டும். ஹோஸில் தொங்கினால் உள்ளே கிழிந்துவிடும்.

அடுத்து, விளிம்பை வெள்ளை இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்து, பள்ளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக வெல்டிங் வைத்து நிரப்புவார்கள். ஒரே மூச்சில் நிரப்பினால் சூடு ஏறி நக்கிள் கோணிப்போகலாம். பக்கத்தில் இருக்கும் பால் ஜாயின்ட் ரப்பரும் வெந்துவிடும். நிரப்பியதும் ஆறவிட்டு, பிதுங்கி நிற்பதை கிரைண்டரால் முக்கால்வாசி எடுத்துவிட்டு, கடைசி மட்டத்தை அரத்தால் கையாலேயே கொண்டுவர வேண்டும். தேயாத பகுதியின் மட்டம்தான் அளவுகோல். அதன்மேல் ஒரு நேர்சட்டத்தை வைத்து, கீழே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்த்துப் பார்த்துத் தேய்க்க வேண்டும்.

கடைசிச் சோதனைக்குப் புது பேடே போதும். அதை விளிம்பில் உட்காரவைத்து விரலால் தள்ளினால், தடையில்லாமல் போய்வர வேண்டும். மேலும் கீழும் ஆடவும் கூடாது. சுத்தியலால் தட்டித்தான் உள்ளே போகிறது என்றால், வேலை இன்னும் முடியவில்லை.

வெல்டிங்குக்கு முன்…

கேட்கும்போது சுலபமாகத் தெரிந்தாலும், இது எல்லாப் பட்டறையிலும் செய்யக்கூடிய வேலை கிடையாது. நக்கிள் என்பது சக்கரத்தையே தாங்கும் பாகம். அது உடைந்தால் ஸ்டீயரிங் கையில் இருந்தும் பயனில்லை.

முதலில், நக்கிள் எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். அடித்து உருவாக்கிய எஃகு, வார்ப்பிரும்பு, அலுமினியம் என மூன்றிலும் நக்கிள் வருகிறது. வார்ப்பிரும்பை முன்கூட்டியே சூடாக்காமல் வெல்டிங் வைத்து வேகமாக ஆறவிட்டால், வெல்டிங் ஓரம் கடினமாகி நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும் விடலாம். அலுமினியத்துக்கு வெல்டிங் முறையே வேறு. சூட்டில் அதன் பலமும் குறையும். அலுமினிய நக்கிளில் இந்த வைத்தியத்தை நினைக்கவே வேண்டாம்.

இரண்டாவது, வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பை நக்கிளிலேயே மாட்ட வேண்டும். சேஸியில் எங்கோ மாட்டினால், மின்சாரம் வீல் பேரிங், பால் ஜாயின்ட் வழியாகப் பாய்ந்து அவற்றைக் கெடுக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றுவதும், ஏபிஎஸ் சென்சார் இருந்தால் அதை விலக்கிவைப்பதும் கட்டாயம்.

மூன்றாவது, பலருக்கும் தெரியாத ஆபத்து. சில பிரேக் கிளீனர் ஸ்பிரேக்களில் குளோரின் கலந்த ரசாயனம் இருக்கிறது. அது காயாத இடத்தில் வெல்டிங் பொறி பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும். முதல் உலகப்போரில் ஆயுதமாகவே பயன்பட்ட வாயு இது. மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும். பாதிப்பு தெரியப் பல மணி நேரம்கூட ஆகலாம். அதனால் வெல்டிங் வைக்கும் இடத்தை அந்த வகை ஸ்பிரேயால் சுத்தம் செய்யவே கூடாது. பிரேக் ஆயிலும் தீப்பற்றும். அருகில் சிந்தியிருந்தால் முதலில் துடைத்தாக வேண்டும்.

எப்போது மாற்றியே ஆக வேண்டும்?

நக்கிளில் வெடிப்பு தெரிந்தால், விளிம்பு பாதிக்குக் கரைந்திருந்தால், ஏற்கெனவே யாரோ வெல்டிங் வைத்து அது பெயர்ந்திருந்தால், வேறு யோசனை வேண்டாம், புது நக்கிள்தான். அதை மாற்ற பால் ஜாயின்ட், டை ராட் எண்டு எல்லாவற்றையும் பிரிக்க வேண்டும், பிறகு வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும் என்பதால் செலவு கூடும். செலவைக் குறைக்கப் பழைய இரும்புக் கடையில் நக்கிள் தேடுபவர்கள் அதன் விளிம்பிலும் நகத்தை ஓட்டிப் பார்க்க வேண்டும். அதே வயது வண்டியிலிருந்து கழற்றியது என்றால், அதே பள்ளம் அதிலும் இருக்கலாம்.

நம் காருக்கு இது எவ்வளவு பொருந்தும்?

நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான கார்களில் தனி பிராக்கெட் இருப்பதால், நக்கிளில் வெல்டிங் வைக்கும் நிலை வராது. ஆனால், பள்ளம் விழும் கதை மட்டும் அதேதான். பிராக்கெட்டில் பேடு உட்காரும் இடத்தில் மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கிளிப்புகள் இருக்கும். பேடுக்கும் பிராக்கெட்டுக்கும் நடுவே நின்று தேய்மானத்தை வாங்கிக்கொள்வது அவைதான். பேடு மாற்றும்போது பழைய கிளிப்பையே நிமிர்த்தி மாட்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. கிளிப்புக்கு அடியில் துரு ஏறி உப்பினாலும் பேடு இறுகிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டே ஓடும் வண்டிகளுக்கும், மழைநீரில் முங்கி எழுந்த வண்டிகளுக்கும் இந்தத் துரு சீக்கிரம் வரும்.

அதனால் பேடு மாற்றும்போது ஐந்து வேலைகள் நடந்தாக வேண்டும். கிளிப்பைக் கழற்றி, அடியில் இருக்கும் துருவை கம்பி பிரஷ்ஷால் எடுப்பது. கிளிப் தளர்ந்திருந்தால் புதிது போடுவது. காலிப்பர் பின்களைக் கழற்றித் துடைப்பது. பின்களிலும், பேடின் காதுகள் நகரும் இடத்திலும் பிரேக்குக்கென்றே வரும், சூடு தாங்கும் கிரீஸை மெல்லிசாகத் தடவுவது. போல்ட்டுகளை மேனுவலில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்குவது.

கையில் கிடைத்த சாதா கிரீஸைப் பூசக் கூடாது. பெட்ரோலியம் கலந்த கிரீஸ் பட்டால் பின்னைச் சுற்றியுள்ள ரப்பர் உப்பிப் போகும். எந்த கிரீஸாக இருந்தாலும் பேடின் உரசும் பக்கத்திலோ டிஸ்க்கிலோ ஒரு துளிகூடப் படக் கூடாது.

எல்லாம் மாட்டி முடித்ததும், வண்டியை நகர்த்தும் முன் பெடலைப் பலமுறை மிதித்து அது கெட்டியாவதை உறுதி செய்ய வேண்டும். பிஸ்டனை உள்ளே தள்ளித்தான் புது பேடு மாட்டுவார்கள் என்பதால், முதல் மிதியில் பெடல் அப்படியே கீழே போகும். இதை மறந்து வண்டியை எடுத்தால் எதிர்ச்சுவரில்தான் நிற்கும். பிறகு ஆளில்லாத இடத்தில் மெதுவாக ஓட்டி, நாலைந்து முறை பிரேக் போட்டுப் பார்த்த பிறகே சாலைக்கு வர வேண்டும்.

பட்டறையில் கேட்க வேண்டியது இரண்டே கேள்விதான். ‘அண்ணே, கிளிப்புக்கு அடியில சுத்தம் பண்ணீங்களா? பேடு கையால தள்ளினா நகருதா?’ நல்ல மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். சக்கரத்தை மாட்டும் முன் கூப்பிட்டுக் காட்டுவார். கூடவே, கழற்றிய பழைய பேடு நான்கையும் கேட்டு வாங்கி, ஒரே சக்கரத்தின் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவில் தேய்ந்திருந்தால் நிம்மதியாக வீட்டுக்கு ஓட்டிப் போகலாம். ஒன்று தடித்தும் மற்றது கரைந்தும் இருந்தால், புது பேடு மாட்டியதோடு வேலை முடிந்ததென்று பில்லைக் கட்டிவிடாமல், அது ஏன் என்று பார்க்கச் சொல்லுங்கள்.